வினவிக் கற்ற வித்தகர்

கொதிக்கும் நீர் எங்கே சென்று மறைகின்றது? அணைந்த திரியினின்றும் புகை எழுவது எதனால்? விளக்கின் சுடர் மேல்நோக்கியே நிற்பது ஏன்? இவை போன்ற வினாக்கள் இளஞ்சிறார் வாயினின்றும் நாள்தோறும் பிறக்கின்றன. பெரியோருள் சிலர் விடை கூறுவர், சிலர் நகைப்பர், பலர் தம் வேலை மிகுதியால் அவ்வினாக்களை அடக்கிவிடுவர். ஆண்டுகள் ஏற ஏற, வினவும் பழக்கம் மாந்தரிடம் குறைந்து மறைகின்றது. அப்பழக்கத்தைச் சிறு பருவம் முதல் முதுமை வரை இழவாது காத்து, அதனாலேயே உலகிற்குப் பேருதவி புரிந்தவர் ஒருவர் இங்கிலாந்து நாட்டில் வாழ்ந்தார். அவரே மைக்கேல் பாரடே என்னும் அறிவியற் பேரறிஞர்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள், இலண்டன் மாநகரை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜேம்ஸ் என்பார் கொல்லுத் தொழில் புரிந்தவர், உடல்நலம் குன்றியவர். ஆதலின் குடும்பத்தில் வறுமை குடிகொண்டிருந்தது. 1801-ஆம் ஆண்டில் தானிய விலை மிக உயர்ந்தபோது, மைக்கேலுக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே பங்காகக் கிடைத்தது. பத்து வயதுச் சிறுவன் அவ்வொரு ரொட்டியை ஏழு நாளைக்கும் பகுத்து உண்ண வேண்டியிருந்தது. எழுதுதல், படித்தல், சிறிது கணக்கு ஆகிய இவற்றோடு அவன் பள்ளிப் படிப்பு முடிவுற்றது.

1804-ஆம் ஆண்டில் மைக்கேல், இரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாக அமர்ந்தான். அந்நாளில் செய்தித்தாள் விலை மிகுந்த பொருள். ஆதலின் பலர் அதனை வாடகைக்கு வாங்கிப் படிப்பர். செய்தித்தாளை ஒரு வீட்டிற் கொடுத்து, அவர்கள் படித்த பின்னர் மீட்டு, மற்றொரு வீட்டிற்குக் கொண்டு செல்லுதலே அவனது பணி. ஒரு நாள் ஒரு வீட்டு வாயிலில் கதவு திறத்தற்குக் காத்து நின்ற அவன், பக்கத்து வீட்டையும் அவ்வீட்டையும் பிரித்து நின்ற இருப்புக் கம்பிகளினூடே தன் தலையை நுழைத்தான். நுழைத்தவன் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. தலை ஒரு பக்கத்திலும் உடல் மற்றொரு பக்கத்திலும் இருக்கின்றன. அங்ஙனமாயின் தான் இருப்பது எந்தப் பக்கத்தில்? அவன் இதனை எண்ணிக்கொண்டிருந்தபோதே பின்னால் கதவு திறந்தது. திடுக்கிட்டுத் தலையை இழுத்த சிறுவன் மூக்கில் அடிபட்டுக் குருதி ஒழுகியது. வினா மறந்து போயிற்று. ஆயினும் வினவும் உள்ளம் மறையவில்லை.

அடுத்த ஆண்டில் இரீபோ அச்சிறுவனது நல்லொழுக்கம் கண்டு, கட்டணம் யாதும் பெறாமல், ஏழாண்டு தம்மிடம் புத்தகம் கட்டும் தொழிலைப் பயிலுமாறு ஏற்றுக்கொண்டார். பகலிற் கட்டுவதற்கு வந்த நூல்களை மைக்கேல் வேலை முடிந்த பின்னர் எடுத்துப் படித்தான். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரத்தைப் பற்றிய பகுதி அவன் கருத்தைக் கவர்ந்தது. மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்கள் என்னும் நூல் அவனுக்குப் பின்னும் பெரிய வழிகாட்டியாயிற்று. சிறுமியர் இருவர் வினவ, ஆசிரியை ஒருவர் விடை பகர்வதாக அந்நூல் அமைந்திருந்தது. அங்கு வரும் வினாக்கள் தன் உள்ளத்து வினாக்களாகவே அவனுக்குத் தோன்றின. ஆயினும் நூலில் உள்ளது என்னும் ஒரு காரணம் பற்றி எவ்விடையையும் அவன் ஏற்றானல்லன். வாரந்தோறும் மிஞ்சிய சில காசுகளைக் கொண்டு எளிய பொருள்களை வாங்கி, நூல் கூறியவற்றைத் தன் கையாற் செய்து பார்த்தான். சிறு கண்ணாடிக் குப்பியைக் கொண்டு மின்பொறி ஒன்றும் அமைத்தான். செய்து பார்த்தவை நூலோடு ஒத்தபோது அவன் பெற்ற மகிழ்ச்சிக்கு அளவில்லை. பிற்காலத்தில் பெரும்புகழ் எய்திய போதும், மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசிரியராகவே பாரடே போற்றி, தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு நன்றிக் காணிக்கையாக அனுப்பி வந்தார்.

1810-ஆம் ஆண்டில் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் அறிவியற் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒரு சொற்பொழிவிற்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். தம்பியின் ஆர்வத்தை உணர்ந்த தமையன் இராபர்ட், கொல்லுலையில் உழைத்து ஈட்டிய பொருளினின்றும் அக்கட்டணத்தைக் கொடுத்தான். பின்னர் 1812-ஆம் ஆண்டில், கடைக்கு வந்த டான்ஸ் என்னும் பெரியவர் ஒருவரின் உதவியால், இராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியற் கழகத்தில் சர் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் பேறு பாரடேக்குக் கிடைத்தது. கேட்டவற்றை விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி, அவ்வாண்டு இறுதியில் டேவிக்கு அனுப்பினார். தாம் அறிவியற்பணி புரிய விரும்புவதாகவும் எழுதினார். டேவி அவரை அன்புடன் வரவேற்றாரெனினும், புத்தகம் கட்டும் தொழிலையே தொடருமாறு முதலில் அறிவுரை கூறினார். சில திங்களில் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் இடம் ஒன்று ஒழிந்தது. 1813-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரடே அவ்விடத்தில் அமர்த்தப்பெற்றார்.

அவ்வாண்டிலேயே டேவி ஐரோப்பிய நாடுகளுக்குச் செலவு மேற்கொண்டார். பாரடேயும் உடன் சென்றார். டேவியின் பணியாள் வர மறுத்தமையால், அறிவியல் உதவிக்கெனச் சென்ற பாரடே, பணியாள் செய்யும் வேலைகளையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரராகவே நடத்தினார். அவ்விழிவு அவர் உள்ளத்தைப் பெரிதும் வருத்தியது. நாடு திரும்பிவிடலாமா என்றும் அவர் எண்ணியதுண்டு. ஆயினும் கற்கும் வாய்ப்பைக் கருதிப் பொறுத்தார். அப்பொறுமை வீண்போகவில்லை. இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில், பெரியதொரு கண்ணாடி வில்லையாற் கதிரவன் ஒளியைக் குவித்து, டேவி ஒரு வைரத்தை எரித்தார். வைரம் எரிந்து, கரி எரிந்தால் உண்டாகும் வாயுவையே தந்தது. அரசர் முடியில் ஒளிரும் மணியும் அடுப்பிற் கிடக்கும் கரியும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பதைப் பாரடே நேரிற் கண்டார். எப்பொருளையும் அதன் தோற்றம் கண்டு மதித்தலோ இகழ்தலோ ஆகாது என்னும் உண்மை, ஏழையாகப் பிறந்த அவ்விளைஞர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

1820-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்சாரம் பாயும் கம்பியின் அருகே காந்த ஊசி அசைதலைக் கண்டு வெளியிட்டார். மின்சாரம் காந்த ஆற்றலைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தாராதோ? இதுவே பாரடே தம்மைத் தாமே வினவிய வினா. இதனை 1822-ஆம் ஆண்டிலேயே தம் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். இடையிடையே பல முறை முயன்றும் விடை கிடைக்கவில்லை. 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் தனித்தனியே செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு சுருளில் மின்சாரத்தைச் செலுத்தினார். மற்றொரு சுருளோடு இணைந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றது. மின்சாரத்தை நிறுத்தியபோது மீண்டும் ஒரு கணம் அசைந்தது. இடைப்பட்ட நேரத்தில் அசைவே இல்லை. ஆகவே காந்த ஆற்றல் மாறும்போது மட்டுமே மின்சாரம் பிறக்கின்றது என்பது விளங்கிற்று. அதுவரை பலர் காந்தத்தை வாளா வைத்துவிட்டு மின்சாரத்தைத் தேடினர், அதனால் ஏமாந்தனர். சில வாரங்களில், கம்பிச் சுருளினுள் காந்தத்தைச் செலுத்தியும், காந்த முனைகளினிடையே செப்புத் தட்டைச் சுழற்றியும் பாரடே மின்சாரம் உண்டாக்கினார். இன்று அணைக்கட்டுகளிலும் அனல் நிலையங்களிலும் மின்சாரம் ஆக்கும் பொறிகள் யாவும் இவ்வுண்மையின் வழிவந்தனவே.

பாரடேக்கு நினைவாற்றல் குறைவு. அக்குறையை அவர் எழுத்தினால் வென்றார். ஒவ்வொரு சோதனையையும், வெற்றியாயினும் தோல்வியாயினும், உடனுக்குடன் குறிப்பேட்டில் எழுதி எண்ணிட்டு வந்தார். 1832-ஆம் ஆண்டிற் புதிதாகத் தொடங்கிய அவ்வெண் வரிசை, 1860-ஆம் ஆண்டில் 16,041 என்னும் எண்ணோடு நின்றது.

அவர் பெயர் நாடெங்கும் பரவியபின், அரசினரும் பொதுமக்களும் தத்தம் ஐயங்களை அவரிடம் கொணர்ந்தனர். 1844-ஆம் ஆண்டு செப்டம்பரில் டர்ஹம் மாவட்டத்து ஹாஸ்வெல் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து, ஆடவரும் சிறுவருமாக 95 பேர் மாண்டனர். காரணம் அறியுமாறு பாரடேயையும் நிலவியல் அறிஞர் இலயலையும் அரசினர் அனுப்பினர். பாரடே சுரங்கத்தினுள் இறங்கி ஒவ்வொன்றையும் வினவினார். உள்ளே காற்று ஓடும் விரைவை எங்ஙனம் அளப்பீர் என்று கேட்டார். கண்காணிப்பாளர் ஒருவர் வெடிமருந்தில் ஒரு சிட்டிகை எடுத்து, எரியும் மெழுகுவத்திச் சுடரினூடே விழச் செய்து, அப்புகை செல்லும் வேகத்தைக் காட்டினார். வெடிமருந்தை எங்கே வைத்திருக்கின்றீர் என்று பாரடே பின்னும் வினவினார். வாய் இறுகக் கட்டிய பையில் வைத்திருப்பதாக விடை வந்தது. அப்பை எங்கே என்று கேட்டபோதுதான், தாம் அமர்ந்திருப்பதே அப்பையின்மீது என்று பாரடே அறிந்தார்! விருந்தினர்க்கு மெத்தென்ற இருக்கையாகட்டும் என்று அதனை அளித்திருந்தனர் அம்மக்கள். பழகிய இடத்தில் வாழ்வோர்க்குக் கண்முன் உள்ள இடரும் புலப்படுவதில்லை. வினவுவார் ஒருவர் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டும். சுரங்கத்துக் கரித்தூளும் நெருப்பைப் பெருக்குகின்றது என்பதை அவ்விருவரும் தம் அறிக்கையில் எடுத்துரைத்தனர்.

1853-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வியப்பான வழக்கம் பரவியது. பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து அதன்மேற் கை வைத்திருப்பர். மேசை தானாகவே நகரும். ஆவிகளே அதனை நகர்த்துவதாகச் சிலரும், மின்சாரமே காரணம் எனப் பிறரும் கூறினர். பாரடேயிடம் இதைப் பற்றி வினவாதவர் இலர். அவர் எவரையும் எள்ளி நகையாடவில்லை. வழக்கம்போல ஒரு சோதனை அமைத்தார். சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே இளகிய பசையிட்டு, மேசைமேல் வைத்து, அவற்றின்மீது கை வைக்கச் செய்தார். மேசை தானே நகருமாயின் அடியிலுள்ள அட்டை முந்தியும் மேலுள்ளது பிந்தியும் செல்லவேண்டும். நிகழ்ந்ததோ வேறு. மேல் அட்டையே முந்திச் சென்றது. கைகளே தள்ளின, தள்ளியவர்க்கு அது தெரியவில்லை. பின்னர் வைக்கோல் தாள் ஒன்றைக் குறிமுள்ளாக வைத்து, கை தள்ளும்போது அஃது அசைந்து காட்டுமாறு செய்தார். அம்முள்ளைப் பார்த்துக்கொண்டே அமர்ந்தவர்களின் மேசை நகரவே இல்லை. இவ்வுண்மையை அவர் ‘டைம்ஸ்’ செய்தித்தாளில் வெளியிட்டார். அமர்ந்தோர் பொய்யர் அல்லர். தம்மை அறியாமல் தாமே ஏமாந்தவர். பிறர் கூற்றை ஆராய்வதினும் தன் கையையும் கண்ணையும் ஐயுற்று ஆராய்வது அரிது என்பதே இச்சோதனை தந்த பாடம்.

1855-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவர் நீராவிப் படகிலேறித் தேம்ஸ் ஆற்றிற் சென்றார். நகரக் கழிவுகள் கலந்து ஆறு நாற்றமெடுத்தது. நீர் எவ்வளவு கலங்கியுள்ளது? பாரடே வெள்ளை அட்டையைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, நனைத்து, படகுத் துறைகள்தோறும் நீரில் இட்டார். நல்ல வெயிலிலும் அவை ஓரங்குலம் ஆழ்வதற்கு முன்னரே கண்ணுக்கு மறைந்தன. இதனையும் செய்தித்தாளில் எழுதி, ஆற்றைப் புறக்கணித்தால் கேடு விளையும் என எச்சரித்தார். மூன்றாண்டு கழித்து, 1858-ஆம் ஆண்டுக் கோடையில் அந்நாற்றம் பாராளுமன்றத்தாராலும் பொறுக்க முடியாததாயிற்று. அதன் பின்னரே நகரின் கழிவுநீர்க் கால்வாய்கள் பெரிய அளவில் அமைக்கப்பெற்றன.

எல்லா வினாக்களுக்கும் அவர் விடை கண்டார் என்று எண்ணுதல் கூடாது. பொருள்களைக் கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு உண்டோ என அவர் பல முறை ஆராய்ந்தார். கம்பிச் சுருள் சுற்றிய பொருள்களை உயரத்தினின்றும் விழச் செய்து பார்த்தார். யாதொரு பயனும் காணவில்லை. தம் முயற்சி பயன்தரவில்லை என்பதை 1850-ஆம் ஆண்டில் அறிஞர் அவை முன்னர் மறைக்காது உரைத்தார். தொடர்பு இருக்கலாம் என்னும் தம் எண்ணம் மாறவில்லை என்றும், அதற்குச் சான்று தம்மிடம் இல்லை என்றும் கூறினார். விரும்பியதை மெய்யெனச் சாதித்தல் அவர்க்கு ஒவ்வாத செயல்.

பாரடேக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் சிறாரிடத்து அவர் கொண்ட அன்பு பெரிது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளைஞர்க்கென 1825-ஆம் ஆண்டு முதல் இராயல் இன்ஸ்டிடியூஷனிற் சொற்பொழிவுகள் நடைபெறலாயின. 1827 முதல் 1860 வரை பாரடே பத்தொன்பது தொடர்கள் நிகழ்த்தினார். அவற்றுள் இறுதியானது 1860-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகள். அப்போது அவர்க்கு வயது 69. வைரத்தை எரியக் கண்டவரும் மின்பொறிக்கு வழி வகுத்தவருமாகிய அவர் அச்சிறார் முன் எடுத்துக் காட்டிய பொருள் ஒரு மெழுகுவத்தி.

மெழுகு உருகிச் சுடரின் அடியில் ஒரு சிறு கிண்ணம்போல் நிற்பது ஏன்? சுடரின் வெப்பத்தால் எழும் காற்று, பக்கங்களினூடே மேலேறும்போது விளிம்பைக் குளிரச் செய்கின்றது. ஆதலின் நடுவே உருகினும் விளிம்பு உருகாது நிற்கின்றது. உருகிய மெழுகு திரியில் மேலேறுவது எங்ஙனம்? கை கழுவும் பாத்திரத்தின் விளிம்பில் தொங்கவிட்ட துண்டு நீரை உறிஞ்சி ஏற்றுதல் போலாம். நம் இல்லத்து அகல் விளக்கிலும் எண்ணெய் திரியில் ஏறுவது இம்முறையினாலேயே. சுடர் ஒளிர்வது ஏன்? அதனுள் நுண்ணிய கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளிவிடுகின்றன; குளிர்ந்த தட்டைச் சுடரிற் காட்டினால் அத்துகள்களே கரியாகப் படிகின்றன. எரிந்த மெழுகு எங்கே போயிற்று? குளிர்ந்த பாத்திரத்தைச் சுடரின் மேற் பிடித்தால் அதன் அடியில் நீர் துளிக்கின்றது. சுடரினின்று எழும் காற்றைச் சுண்ணாம்புத் தெளிநீரிற் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கின்றது. அங்ஙனம் வெளுக்கச் செய்வது கரியமிலவாயு. ஆகவே மெழுகு அழியவில்லை. நீராகவும் கரியமிலவாயுவாகவும் மாறியுள்ளது.

இவ்வளவில் அவர் நிற்கவில்லை. நாம் விடும் மூச்சும் அத்தெளிநீரை வெளுக்கச் செய்தலைக் காட்டினார். சுடரைப் போலவே நம் உடலும் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, கரியமிலவாயுவை வெளிவிடுகின்றது. அவ்வாயுவைச் செடிகொடிகள் ஏற்று வளர்கின்றன. இங்ஙனம் ஒரு மெழுகுவத்தியில் தொடங்கிய வினா, உயிர்களெல்லாம் ஒன்றையொன்று சார்ந்து வாழும் முறைமையிற் சென்று முடிந்தது. இச்சொற்பொழிவுகள் 1861-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்து, பின்னர்ப் பல மொழிகளிற் பெயர்க்கப்பெற்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சில ஆண்டுகள் நீங்கலாக, கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றளவும் நடைபெற்று வருகின்றன.

பொருளும் பட்டமும் பாரடேயைத் தேடி வந்தன. இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் பேரவையின் தலைமைப் பதவி தமக்கு அளிக்கப்பட்டபோதும் அவர் அதனை ஏற்க மறுத்தார். நெடுங்காலம் அவர் கழகத்திற் பெற்றது ஆண்டிற்கு நூறு பவுன் ஊதியமும், குடியிருக்க வீடும், எரிக்கக் கரியும், ஏற்ற மெழுகுவத்தியுமே. அரசி விக்டோரியா 1858-ஆம் ஆண்டில் ஹாம்ப்டன் கோர்ட்டில் அளித்த இல்லத்தில், 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் அமைதியாக உயிர் நீத்தார். அவர் உடல் இலண்டன் ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது. மின்னேற்பு அளவையின் அலகு அவர் பெயரால் பாரட் என வழங்குகின்றது.

பெரிய வினா, சிறிய வினா என்னும் வேறுபாடு பாரடேயிடம் இல்லை. கம்பி வேலியிடையே தலை நுழைத்த நாளில் எழுந்த வினாவும், காந்தத்தினின்று மின்சாரம் பிறக்குமோ என்னும் வினாவும் ஒரே உள்ளத்தில் தோன்றியவை. அவர் எதனையும் கேட்க நாணவில்லை. கேட்டதைக் கையாற் செய்து பாராமல் விடவில்லை. கண்ட விடை தம் விருப்பத்திற்கு மாறாயினும் அதனை மறைக்கவில்லை. தம்மை வினவிய சிறாரை இகழவுமில்லை. இன்று மாலை உங்கள் வீட்டில் விளக்கு ஏற்றப்படும்போது, மாணவர்களே, அதன் அருகில் சிறிது நேரம் அமர்ந்து நோக்குங்கள். அச்சிறு சுடர் வினவுவார்க்கு இன்னும் பல செய்திகளைச் சொல்லக் காத்திருக்கின்றது.